‘டீக்கு வரட்டும்’ என்றால் சாப்பாடா, தேநீரா?

வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிவந்து சில வாரங்களே ஆன நீங்கள் கேட்டது இது: மகளின் வகுப்புத் தோழியின் அம்மா, ‘வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அவள் எங்கள் வீட்டுக்கு டீக்கு வரட்டுமே’ என்று செய்தி அனுப்பியிருக்கிறார். ஆறு வயதுக் குழந்தைக்கு எதற்கு டீ? இரவுச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டுமா?

கட்டிக் கொடுக்க வேண்டாம். அந்த டீதான் சாப்பாடு. வட இங்கிலாந்தில் மாலை ஐந்து முதல் ஆறரைக்குள் வீட்டில் சூடாகச் சாப்பிடும் முக்கியச் சாப்பாட்டுக்கே ‘டீ’ என்று பெயர். மேசையில் தேநீர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தண்ணீரோ ஜூஸோதான். தட்டில் ஃபிஷ் ஃபிங்கர் (ரொட்டித்தூள் பூசிய நீள மீன் துண்டு), சிப்ஸ், பீன்ஸ், பாஸ்தா, சாசேஜ் என்று ஏதாவது இருக்கும். அதனால் இன்றே இரண்டு விஷயங்களை எழுதி அனுப்பிவிடுங்கள். ஒன்று, எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போக வேண்டும் என்று கேளுங்கள். மற்றொன்று, உணவுக் கட்டுப்பாடும் ஒவ்வாமையும். சைவம் என்றால் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மீன் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இறைச்சி, மீன், ஜெலட்டின் மூன்றும் வேண்டாம், முட்டை சரியா இல்லையா என்று விவரமாக எழுதுங்கள். ஜெலட்டினைச் சொல்லாவிட்டால் கடைசியில் ஒரு கிண்ணம் ஜெல்லி வந்து நிற்கும். அது மாட்டு, பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பது கொடுப்பவருக்கே நினைவில் இருக்காது.

பானமா சாப்பாடா என்பதைப் பேச்சிலேயே கண்டுபிடிக்கலாம். ‘எ கப் ஆஃப் டீ’, ‘கப்பா’, ‘எ ப்ரூ’ என்றால் குடிக்கிற டீ. லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் அலுவலகத்தில் ‘ப்ரூ வேணுமா’ என்றுதான் கேட்பார்கள். ‘யுவர் டீ’, ‘மை டீ’, ‘ஃபார் டீ’ என்று வந்தால் சாப்பாடு. ‘வாட் ஆர் யூ ஹேவிங் ஃபார் யுவர் டீ’ என்று சக ஊழியர் கேட்டால் இன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று விசாரிக்கிறார். அதற்குப் போய் ‘இஞ்சி டீ’ என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த குழப்பம் பள்ளியில் வரும். ‘ஸ்கூல் டின்னர்’, ‘டின்னர் மணி’ (சாப்பாட்டுப் பணம்), ‘டின்னர் லேடி’ (சாப்பாட்டு வேளையைக் கவனிக்கும் பெண்மணி) எல்லாமே மதியச் சாப்பாட்டைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் அரசு நிதி பெறும் பள்ளிகளில் ரிசப்ஷன் (முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு), முதலாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் 2014 செப்டம்பரிலிருந்து மதிய உணவு இலவசம். உங்கள் மகளுக்கும் உண்டு, பணம் கட்ட வேண்டியதில்லை. பள்ளிக்குப் பிந்தைய காப்பகத்தில் சேர்த்தால் தருவது ‘டீ’யா, ‘ஸ்நாக்’கா என்று கேட்டு வையுங்கள். ஸ்நாக் என்றால் ஒரு பழமும் பிஸ்கட்டும்தான், குழந்தை பசியோடு வரும்.

ஏன் இப்படி ஆனது? ‘டின்னர்’ பழைய பிரெஞ்சுச் சொல். அதன் லத்தீன் வேர் ‘நோன்பு முறித்தல்’ என்று பொருள்படும். நாளின் முதல் சாப்பாட்டைக் குறித்தது. பிறகு அது நடுப்பகலின் பெரிய சாப்பாட்டுக்குப் பெயரானது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வசதி படைத்தவர்களின் டின்னர் கொஞ்சம் கொஞ்சமாக இரவுக்கு நகர்ந்தது, நடுவில் விழுந்த ஓட்டையை ‘லஞ்ச்’ நிரப்பியது. ஆலைத் தொழிலாளர்கள் டின்னரை மதியத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தேயிலைக்கு அரசு 119 சதவீத வரி போட்டிருந்தது. 1784-இல் அதைப் பன்னிரண்டரை சதவீதமாகக் குறைத்ததும் தேயிலை மலிந்து ஏழை வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆலை விட்டு வந்தவர்கள் ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கோடு ஒரு பானை டீயும் வைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கே டீ என்று பெயர் நின்றுவிட்டது. ‘ஹை டீ’யும் முதலில் இந்த உழைப்பாளிச் சாப்பாடுதான். ஹோட்டல்களில் மூன்றடுக்குத் தட்டில் குட்டி சாண்ட்விச், ஸ்கோன் (சின்ன பன் மாதிரி ஒரு பலகாரம்), கேக்கோடு தருவது ‘ஆஃப்டர்நூன் டீ’. 1840-களில் பிரபுக்கள் வீட்டில் பரவிய வழக்கம். இரண்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

‘டீ’ என்ற சொல்லின் பிறப்பிடம் சீனாவின் ஃபூஜியான் கரை. அங்கே பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழி வழக்கில் தேயிலைக்குப் பெயர் ‘தே’. டச்சு வணிகர்கள் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தது. ஆங்கிலத்திலும் முதலில் ‘டே’ என்றுதான் உச்சரித்தார்கள். நம் தேயிலையில் உள்ள ‘தே’யும், ஈழத்துத் தேத்தண்ணியும் அதே கிளை. ‘சாயா’ மட்டும் ‘ச்சா’ என்ற மற்றக் கிளை.

கடையில் கவனிக்க வேண்டியவை: பால் விடாத டீக்கு ‘பிளேன் டீ’ என்று கேட்டால் புரியாது, ‘பிளாக் டீ’ என்று கேளுங்கள். ‘க்ரீம் டீ’ என்றால் ஸ்கோன், ஜாம், கெட்டி க்ரீம், கூடவே ஒரு பானை டீ. டீயில் க்ரீம் கலப்பதில்லை. ‘பீஃப் டீ’ மாட்டிறைச்சிச் சாறு. குளிருக்குக் கால்பந்து மைதானங்களில் சூடாக விற்கும் போவ்ரிலும் மாட்டிறைச்சிச் சாறுதான், பார்வைக்குக் கடுங்காப்பி மாதிரியே இருக்கும். ‘டிஃபின்’ கேட்டால் இட்லி வராது, சாக்லேட்டும் பிஸ்கட் துண்டுகளும் சேர்த்து உறைய வைத்த கேக் துண்டு வரும். மருந்துச் சீட்டில் ‘டீ டைம்’ என்றிருந்தால் மாலைச் சாப்பாட்டு வேளை. ‘டீஸ்பூன்’ என்றால் 5 மில்லி. வீட்டுக் கரண்டி அளவு மாறும் என்பதால் மருந்தோடு வரும் கரண்டியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

பதிலுக்கு அந்தக் குழந்தையை நீங்களும் அழைப்பீர்கள். ‘டீக்கு வரட்டும்’ என்று சொன்னால் ஐந்து, ஐந்தரைக்குத் தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும்; நம் வழக்கப்படி எட்டு மணிக்குப் பரிமாறினால் அதற்குள் அம்மா வாசலில் வந்து நிற்பார். வெறும் டீயும் முறுக்கும்தான் என்றால் ‘எ கப் ஆஃப் டீ’ என்றே எழுதுங்கள், நேரத்தையும் மூன்று மணிக்கு வையுங்கள்.