பிறவியிலேயே உள்ள நோய் எதிர்ப்பு நம்மை எப்படிக் காக்கிறது? அதுவே நோயையும் உண்டாக்குமா?

உண்டாக்கும். நம்மைக் காப்பதும் அதுதான், அளவு மீறினால் வாட்டி எடுப்பதும் அதுதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் கண்ணில் படுவதிலிருந்தே சொல்கிறேன்.

தடுப்பூசியாலோ அம்மை வந்து போனதாலோ கிடைக்கும் எதிர்ப்பு, அந்தந்தக் கிருமிக்கென்று உடம்பு கற்றுக்கொண்டது. புதுக் கிருமி என்றால் அதைக் கற்றுத் தேற நாள்கணக்கில் ஆகும். அதுவரை தாக்குப்பிடிப்பது தோல், சளிச்சவ்வு, வயிற்று அமிலம், கிருமியை விழுங்கும் அணுக்கள், ரத்தத்தில் ஓடும் சில புரதங்கள் ஆகியவை அடங்கிய பிறவி எதிர்ப்பால்தான். உங்கள் ரிப்போர்ட்டில் வரும் சிஆர்பி கூட அப்படி ஒரு புரதம். தொற்று வந்தால் கல்லீரல் அதைச் சில மணி நேரத்திலேயே சுரந்து குவித்துவிடும்.

டாக்டர் 'டிசி' எழுதினால், கண்ணாடியில் ரத்தத்தை இழுத்துப் பூசி, லீஷ்மன் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்களை வகைபிரித்து எண்ணுவோம். பெரியவர்களுக்குப் பாதிக்கு மேல், கிருமியை விழுங்கும் அணு வகைகளில் ஒன்றான நியூட்ரோஃபில்தான் இருக்கும். அதன் உட்கரு மூன்று நான்கு துண்டாக, மெல்லிய இழையால் இணைந்து ஊதாவாகத் தெரியும். கடுமையான பாக்டீரியா தொற்றில் படமே மாறிவிடும். அணுவுக்குள் கருநிறத் துகள்கள் அடர்ந்திருக்கும். உட்கரு துண்டாகாத இளம் அணுக்களும் நிறைய கண்ணில் படும். முதிரும் வரை காத்திராமல் எலும்பு மஜ்ஜை அவற்றை அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை பொறுக்க மாட்டேன், உடனே டாக்டருக்கு போன் போட்டுவிடுவேன்.

இந்த அணுக்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கீமோதெரபி எடுப்பவர்களிடம் பார்க்கலாம். மருந்து ஏறி ஒன்று, இரண்டு வாரத்தில் நியூட்ரோஃபில் அடிமட்டத்துக்கு இறங்கும். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான் என்பதால், அப்போது தொற்று வந்தாலும் சீழ் பிடிக்காது, புண் அவ்வளவாகச் சிவக்காது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்து வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டதும், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இப்போது மறுபக்கம். கவுட் என்கிற யூரிக் அமில மூட்டுவலியில் கிருமியே கிடையாது. பெருவிரல் மூட்டில் யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிகிறது. விழுங்கும் அணு அதைக் கிருமி போலவே விழுங்குகிறது, ஆனால் செரிக்க முடிவதில்லை. உடனே அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தை வெளியிட்டு நியூட்ரோஃபில்களைத் திரட்டுகிறது. நன்றாகப் படுத்தவர் நடுராத்திரியில், போர்வை பட்டால்கூடத் தாங்காத வலியோடு எழுந்திருப்பது இதனால்தான். அந்த அணு எப்படித் தூண்டப்படுகிறது என்பதை 2006-ல்தான் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் இந்த வலிக்கான கோல்ச்சிசின் மிகப் பழைய மருந்து. நியூட்ரோஃபில்களின் ஓட்டத்தை அது தளர்த்துகிறது. நம் மாநில மலரான செங்காந்தளிலும் அது உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுவது அதற்குத்தான். கிழங்கும் விதையும் கொடிய விஷம், வீட்டு வைத்தியம் என்று யாரும் தொட்டுவிட வேண்டாம்.

மாரடைப்பிலும் இந்தப் பிறவி எதிர்ப்புக்குப் பங்கு உண்டு. 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரில் ஒரு பகுதியினருக்கு அதே இன்டர்லூகின்-1 பீட்டாவை அடக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறையவில்லை, ஆனாலும் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. அதே ஊசி போட்டவர்களிடையே தொற்றால் இறந்தவர்களோ சற்று அதிகம். என் மனதில் ஆழமாகப் பதிந்த ஆய்வு இது.

கொரோனாவிலும் அப்படித்தான். எதிர்ப்பை அடக்கும் டெக்ஸாமெதாசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் எதுவும் இல்லை.

அதனால்தான் 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று டப்பாவில் அடைத்து விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் கூட்டுகிறார்கள்? அந்தக் காசை வேறு நல்லதுக்குச் செலவழிக்கலாம். சிகரெட்டை விடுவது, தூக்கம், ஈறு சுத்தம் இவையெல்லாம் உண்மையிலேயே உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம் ரத்தச் சர்க்கரை. சர்க்கரை ஏறிக் கிடந்தால், நியூட்ரோஃபில் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் புண் இருக்கும் இடத்துக்குப் போவதிலும் கிருமியைக் கொல்வதிலும் மந்தமாகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.