என் தம்புரா பேட்ச் நண்பர் கணினியில் ஏன் அபஸ்வரமாகிறது?

கேள்வி: சர்ஜ் எக்ஸ்டி சிந்த்தில் (கணினியில் ஒலியை உருவாக்கும் மென்பொருள்) தம்புரா பேட்ச் (ஓர் ஒலிக்கான அமைப்புகளின் தொகுப்பு) ஒன்று செய்து, சுர இடைவெளிகளைச் சொல்லும் ஸ்கேல் ஃபைல் ஏற்றி, 1 கட்டையில் சுருதி சேர்த்திருக்கிறேன். என்னிடம் கச்சிதமாக ஒலிக்கிறது. 2 கட்டையில் பாடும் நண்பருக்கு பேட்சை அனுப்பினேன். பஞ்சமம் அலைகிறது, சத்தமும் சன்னமாக இருக்கிறது என்றார். ஸ்கேல் ஃபைலையும் அனுப்பினேன். இப்போது முன்பைவிட மோசம் என்கிறார். எங்கே தவறு? மற்றவர்களுக்கும் பகிர நினைக்கிறேன், என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்களும் நண்பரும் சொல்வது இரண்டுமே சரி. ஒரே பேட்ச்தான், ஆனால் உங்கள் சுருதி பேட்சுக்குள் இல்லை. சர்ஜில் ஸ்கேல் ஃபைலை ஏற்றும்போது, அது அப்போது திறந்திருக்கும் சிந்த்துக்குத்தான் பொருந்தும். சேமிக்கும் பெட்டியில் 'ஸ்டோர் ட்யூனிங் இன் பேட்ச்' என்பதை டிக் செய்யாமல் சேமித்தால் ஆசிலேட்டர், ஃபில்டர், எஃபெக்ட் எல்லாம் ஃபைலோடு போகும், சுருதி மட்டும் உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். நண்பர் முதலில் கேட்டது சாதாரண கீபோர்டின் சம இடைவெளிச் சுருதி. அதில் பஞ்சமம் 700 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ட்). தம்புராவுக்கு வேண்டியது 3/2, அதாவது 702 சென்ட். இரண்டு சென்ட்தானே என்று மற்ற வாத்தியத்தில் விட்டுவிடலாம், தம்புராவில் முடியாது. 2 கட்டையில் மந்தர ஸட்ஜம் 146.83 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் மேலோசை, அதாவது மூன்று மடங்கு அதிர்வெண், 440.5. பஞ்சமம் 220 ஆக இருந்தால் அதன் இரண்டாம் மேலோசை 440. இரண்டும் மோதி இரண்டு நொடிக்கு ஒருமுறை அலை அடிக்கும். நண்பர் முதல் தடவை 'அலைகிறது' என்றது இதைத்தான்.

ஸ்கேல் ஃபைல் போனதும் மோசமானதற்குக் காரணம் வேறு. எந்தக் கீயில் ஸட்ஜம் என்று சொல்லும் கீபோர்டு மேப்பிங் ஃபைல் இல்லாமல் ஸ்கேலை மட்டும் ஏற்றினால், ஸ்கேலின் ஸட்ஜம் மிடி (கீபோர்டு சுரங்களுக்கு எண் கொடுக்கும் முறை) 60-ஆம் எண் சுரத்தில், 261.63 ஹெர்ட்ஸில் உட்காரும். அது 1 கட்டை. உங்களுக்கு அதுவே வேண்டியிருந்ததால் குறை தெரியவில்லை. நண்பரோ டி சுரத்தை (2 கட்டை) ஸட்ஜமாக வைத்து வாசிக்கிறார். உங்கள் ஸ்கேலில் டி என்பது 9/8, ஏ என்பது 5/3 என்று வைத்துக்கொண்டால் (பெரும்பாலான 12 சுர ஃபைல்கள் அப்படித்தான்), அவருடைய பஞ்சமம் 5/3-ஐ 9/8-ஆல் வகுத்தால் வரும் 40/27. அது 680 சென்ட், வேண்டியதைவிட 22 சென்ட் கீழே. அலை இப்போது நொடிக்கு ஐந்துக்கும் மேல். பாடுகிறவர் காதுக்கு இது சித்திரவதை. வேடிக்கை என்னவென்றால், 5 கட்டையில் பாடுபவருக்கு இதே ஃபைலை அனுப்பியிருந்தால் ஜி-க்கும் டி-க்கும் இடையே சரியாக 3/2 வந்து, தவறு வெளியே தெரிந்தே இருக்காது.

இதற்குத் தீர்வு இரண்டு சிறு ஃபைல்கள். சாதாரண நோட்பேடிலேயே எழுதலாம். முதலாவது .எஸ்சிஎல், அதாவது ஸ்கேல் ஃபைல். முதல் வரியில் ஏதாவது பெயர். இரண்டாவது வரியில் சுரங்களின் எண்ணிக்கை, 12. பிறகு வரிக்கு ஒன்றாக 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1. ஸட்ஜத்தை, அதாவது 1/1-ஐ எழுதக்கூடாது. கடைசி வரி மேல் ஸட்ஜம். பின்னமாக எழுதாமல் சென்ட்டாக எழுதினால் புள்ளி கட்டாயம் வேண்டும். 702.0 என்றால் 702 சென்ட். புள்ளியில்லாமல் 702 என்று எழுதினால் 702/1 என்ற விகிதமாக எடுத்துக்கொள்ளும், சுரம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். 'பஞ்சமம் மட்டும் சத்தமே வரவில்லை' என்றால் முதலில் இந்தப் புள்ளியைத் தேடுங்கள்.

இரண்டாவது .கேபிஎம், மேப்பிங் ஃபைல். 2 கட்டைக்கு ஏழே வரிகள்: 0, 0, 127, 62, 62, 293.665, 0. முதல் 0, கீபோர்டின் எல்லாக் கீகளையும் வரிசையாக எடுத்துக்கொள் என்பது. அடுத்த இரண்டும் கீபோர்டின் தொடக்கமும் முடிவும். பிறகு ஸட்ஜம் உட்காரும் சுரத்தின் எண், அதிர்வெண் குறிக்கப்படும் சுரத்தின் எண், அந்த அதிர்வெண். கடைசி 0-வை அப்படியே விடலாம். மற்ற கட்டைகளுக்கு 62, 62, 293.665 என்ற மூன்றை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றரைக் கட்டைக்கு 61, 61, 277.183. 5 கட்டைக்கு 67, 67, 391.995. ஐந்தரைக்கு 68, 68, 415.305. 6 கட்டைக்கு 69, 69, 440. ஸ்கேல் 2/1-இல் முடிவதால் கீழ் ஸ்தாயிகளும் தானாகச் சேர்ந்துவிடும்.

இரண்டையும் சர்ஜ் ஜன்னல் மேல் இழுத்துப் போட்டு ஏற்றி, காதால் சரிபார்த்த பிறகு, மேலே சொன்ன டிக்கோடு சேமியுங்கள். கட்டைக்கு ஒரு பேட்ச் வீதம் ஐந்தாறு சேமித்து அனுப்புவது வாங்குபவருக்கு எளிது. ஒரே பேட்சும் ஒரு கத்தை மேப்பிங் ஃபைல்களும் அனுப்புவதாக இருந்தால், பேட்சை முதலில் திறந்து மேப்பிங்கைப் பிறகு ஏற்றும்படி எழுதி வையுங்கள்.

சுருதி போகவும், பேட்சுக்குள்ளேயே கட்டை மாறினால் குணம் மாறும் இடங்கள் இருக்கின்றன. தம்புராவின் உயிர் ஜீவாளியில். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலை வைப்பதால்தான் மீட்டிய பிறகு மேலோசைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மினுங்கி இறங்குகின்றன. சர்ஜின் ஸ்ட்ரிங் ஆசிலேட்டரை எடுத்துக்கொண்டால் தந்தி கிடைத்துவிடும், ஜீவாளி கிடைக்காது. அதை ஃபில்டரில்தான் கட்ட வேண்டும். ஃபில்டர் அமைப்பை 'டூயல் 1' ஆக்கி இரண்டு ஃபில்டரையும் பக்கவாட்டில் ஓட விடுங்கள். முதலாவது மென்மையான லோபாஸ், தந்தியின் உடலுக்கு. இரண்டாவது பேண்ட்பாஸ், ரெசனன்ஸ் 70 சதவீதம் அளவில், கட்ஆஃப் 600 ஹெர்ட்ஸ், ஃபில்டர் என்வலப்பின் (நேரம் போகப் போக கட்ஆஃபை ஏற்றி இறக்குவது) பாதிப்பு +30 செமிடோன். என்வலப்பில் அட்டாக் 50 மில்லிசெகண்ட், டிகே 4 நொடி, சஸ்டெயின் 0. அப்படியானால் உச்சி 3,400 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கி நாலு நொடியில் கீழே வரும். வால்யூம் என்வலப்பில் டிகே 8 நொடி, ரிலீஸ் 6 நொடி வைத்தால் கையை எடுத்த பிறகும் தந்தி பாடும்.

இந்த 600 ஹெர்ட்ஸ் பூட்டிய எண்ணாக இருக்கக்கூடாது. இரண்டாம் ஃபில்டரின் கீட்ராக் (வாசிக்கும் சுரத்தோடு கட்ஆஃப் நகரும் அளவு) 100 சதவீதமாக இல்லாவிட்டால், ஸட்ஜத்தில் ஐந்தாம் மேலோசையில் மினுங்குவது பஞ்சமத்தில் வேறொன்றில் மினுங்கும். 5 கட்டையில் பாடும் பெண்குரலுக்குப் போனால் தம்புராவே வேறு மரம் போலத் தோன்றும். கீட்ராக்கின் மூல சுரம் 60 என்று இருக்கும்போது 600 ஹெர்ட்ஸ் சரியாக இருந்தால், மற்ற சுரங்களுக்கு அதுவே விகிதப்படி நகரும்.

ஸ்ட்ரிங் ஆசிலேட்டரில் இரண்டாவது தந்தியின் டீட்யூன் (சுருதியைச் சற்று விலக்குவது), மற்றும் ட்ரிஃப்ட் (சுருதி தானாக அலைவது), இரண்டையும் சுருதி பார்க்கும்போது 0-இல் வையுங்கள். டீட்யூன் தரும் அலையும் தப்பான பஞ்சமத்தின் அலையும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று பிரிக்க முடியாமல் மணிக்கணக்கில் ஸ்கேல் ஃபைலைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் சேர்ந்த பிறகு ஒன்றிரண்டு சென்ட் டீட்யூன் கொடுத்தால் சாரணிக்கும் அனுசாரணிக்கும் உள்ள அந்தச் சிறு நெளிவு வரும். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, சத்தம் சன்னமாக இருப்பது. ரெக்கார்டிங் மென்பொருளின் டிராக்கில் கம்ப்ரஸரோ ரிவர்போ போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பேட்சில் அது போகாது. அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள், நண்பர் கேட்டது கிட்டத்தட்ட அதுதான். ரிவர்ப் இல்லாமல் தம்புரா நிற்கவில்லை என்றால் சர்ஜுக்குள்ளேயே எஃபெக்ட் இடத்தில் போட்டு, அளவை ஒரு மேக்ரோவுக்கு (பேட்சின் அமைப்புகளை வெளியிலிருந்து திருப்பும் குமிழ்) கொடுங்கள். வாங்குபவர் தன் அறைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்வார். அடுத்த காரணம் மாட் வீல், கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சக்கரம். நீங்கள் அதைப் பாதி ஏற்றி வைத்து ஒலியைச் செதுக்கியிருந்தால், அவர் கீபோர்டில் அது 0-இல் கிடக்கும். ஒலிக்கு அவசியமான எதையும் மாட் வீலுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். மூன்றாவது வெலாசிட்டி, கீயை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பது. ஒவ்வொரு கீபோர்டும் ஒவ்வொரு மாதிரி எண் அனுப்பும். தம்புராவில் விரல் அழுத்தம் பெரிதாக மாறாது என்பதால், வெலாசிட்டியால் சத்தம் மாறும் அளவை மிகக் குறைவாக வைப்பதே பொருத்தம்.

அளவு பார்க்க ஒரு வழி: வெலாசிட்டி 127-இல் நாலு சுரமும் ஒன்றாக ஒலிக்க, எல்லா மேக்ரோவையும் உச்சத்தில் வைத்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் குளோபல் வால்யூமை வையுங்கள். பிறகு எல்லா மேக்ரோவையும் 0-க்கு இறக்கியும் கேளுங்கள். ஒரு முனையில் கத்தியும் மறு முனையில் காணாமலும் போகிற மேக்ரோவுக்கு வீச்சு அதிகம், குறைத்து விடுங்கள். மேக்ரோ எட்டு இருக்கிறது என்பதற்காக எட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. தம்புராவுக்கு ஜீவாளி, பிரகாசம், கூடம் (ரிவர்ப்) என்ற மூன்றே போதும்.

அனுப்பும் ஃபைலைப் பற்றி. ரெக்கார்டிங் மென்பொருளின் ஜன்னல் விளிம்பில் இருக்கும் பிரீசெட் மெனுவில் சேமித்தால் அது அந்த மென்பொருளின் வடிவம். வேறு மென்பொருள் வைத்திருப்பவருக்குத் திறக்காது. சர்ஜுக்குள் இருக்கும் சேவ் பொத்தானை அழுத்தினால் வருவது .எஃப்எக்ஸ்பி. இதே எழுத்துகளில் முடியும் ஃபைல்களை வேறு பல சிந்த்களும் உண்டாக்குகின்றன. உள்ளே எந்த சிந்த் என்று சொல்லும் நான்கு எழுத்து அடையாளம் மாறுபடும், ஒன்றில் செய்தது மற்றதில் திறக்காது. எனவே ஃபைல் பெயரிலோ கூடவே வைக்கும் குறிப்பிலோ 'சர்ஜ் எக்ஸ்டி' என்பதும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். பழைய பதிப்பில் செய்த பேட்சைப் புதியது திறக்கும். புதியதில் செய்ததைப் பழையதில் திறந்தால் எச்சரிக்கை வரும், அந்தப் பதிப்பில் இல்லாத வசதிகள் ஒலிக்காது. சர்ஜ் இலவசம் என்பதால் நண்பரைப் புதுப்பிக்கச் சொல்வதில் தர்மசங்கடம் இல்லை.

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர் ஜிப் ஆகி, மூன்று கைமாறிப் போகும்போது கிறுக்கலாகிவிட வாய்ப்பு அதிகம். சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம் விண்டோஸில் ஆகாது. ஒன்றரைக் கட்டையை '1/2' போட்டு எழுதும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள சர்ஜ் எக்ஸ்டி ஃபோல்டருக்குள், பேட்சஸ் என்பதில் போட்டு, மெனுவில் பட்டியலைப் புதுப்பித்தால் தெரியும். ஒருமுறை கேட்டுப் பார்க்க மட்டும் என்றால் ஜன்னல் மேல் இழுத்துப் போட்டாலே திறக்கும்.

சேமிக்கும் பெட்டியில் ஆசிரியர் பெயர், வகை, உரிமம், குறிப்பு என்று இடங்கள் இருக்கின்றன. பலரும் காலியாக விடுவார்கள், இது சோம்பேறித்தனம்தான். குறிப்பில் 'ஸட்ஜம் மிடி 62, பஞ்சமம் 57, மந்தரம் 50' என்று எழுதுங்கள். டி4 என்று எழுதாதீர்கள். மிடி 60-ஐ ஏபிள்டன் சி3 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்கிறது, சர்ஜ் சி4 என்கிறது. எண் சொன்னால் குழப்பமே இல்லை. ப-ஸ-ஸ-ஸ என்று மீட்டும் வரிசை பேட்சில் இல்லை, நீங்கள் மிடியில் எழுதியது. அதையும் ஒரு மிடி ஃபைலாகச் சேர்த்து அனுப்புங்கள்.

உரிமத்தில் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் திருப்பிய குமிழ்கள் உங்களுடையவை. ஆனால் வேவ்டேபிள் (பதிவான அலை வடிவங்களின் வரிசை) ஆசிலேட்டர் பயன்படுத்தினால் அந்த வேவ்டேபிள் முழுதாக பேட்சுக்குள் பதிந்து போகும். 2,048 சாம்பிள் வீதம் 256 சட்டங்கள் உள்ள ஒன்று 32 பிட்டில் 2 எம்பி. வழக்கமாகச் சில பத்து கிலோபைட் இருக்க வேண்டிய பேட்ச் திடீரென்று எம்பி கணக்கில் இருந்தால் காரணம் அதுதான். பெறுபவருக்கு இது வசதி. ஆனால் காசு கொடுத்து வாங்கிய தொகுப்பிலிருந்து எடுத்ததாக இருந்தால், பேட்சைப் பகிர்வது அந்தத் தொகுப்பைப் பகிர்வதற்குச் சமம். ஸ்ட்ரிங் ஆசிலேட்டரோடு நின்றால் இந்தத் தலைவலி கிடையாது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. சர்ஜைத் தனி மென்பொருளாக, ரெக்கார்டிங் மென்பொருள் இல்லாமல் திறவுங்கள். ஸ்கேல் எதுவும் ஏற்றாதீர்கள். ஜிப்பை வேறொரு ஃபோல்டரில் விரித்து, அங்கிருந்து பேட்சை இழுத்துப் போடுங்கள். டீட்யூன் கொடுத்திருந்தால் சோதனைக்கு மட்டும் 0-இல் வைத்து, 50-ஐயும் 57-ஐயும் ஒன்றாகப் பிடித்துப் பத்து நொடி கேளுங்கள். அலை இல்லாமல் நின்றால் சுருதி ஃபைலோடு வந்துவிட்டது. ஆடியோ அமைப்பை 44,100-இலிருந்து 48,000-க்கு மாற்றி மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு, அனுப்புங்கள். பின்னால் திருத்தம் செய்தால் பழைய பெயரிலேயே சேமிக்காமல் பெயரில் 2 என்று சேர்த்துவிடுங்கள். நண்பர் ஏற்கெனவே அந்தப் பேட்சை வைத்து ஏதாவது பதிவு செய்திருப்பார்.