பெயிண்ட் யார் காசில்?

கேள்வி: குரோம்பேட்டையில் நான்கு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 1,40,000. மூன்று மாதத்தில் காலி செய்கிறோம் என்று சொன்னதும், பெயிண்டுக்கு இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மீதியை அடுத்த குடித்தனம் வந்த பிறகுதான் தருவேன் என்கிறார் ஹவுஸ் ஓனர். பேசாமல் கடைசி மூன்று மாத வாடகையை நிறுத்திவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் செய்தால் தண்ணீர் மோட்டாரைப் போட மாட்டேன் என்று மிரட்டுகிறார்.
- வாசகர் ஒருவர், சென்னை

பதில்: உங்கள் ஹவுஸ் ஓனர் செய்வது அடாவடி. நீங்கள் செய்ய நினைப்பது அதைவிட ஆபத்தானது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017இல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் குடிவந்ததே அதற்குப் பிறகுதான். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. கூடவே, ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர’ என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறது. நீங்களும் கையெழுத்துப் போட்டுத்தானே சாவி வாங்கினீர்கள்? அதனால் பத்து மாதத்தைப் பற்றி இப்போது சண்டை போட்டுப் பயனில்லை.

திருப்பித் தரும் விஷயம் வேறு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த குடித்தனம் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. வாங்கிய அட்வான்ஸை எதிலோ முடக்கிவிட்டு, புதிதாக வருகிறவரின் பணத்தை வாங்கி உங்களுக்குத் தரலாம் என்று காத்திருக்கிறார், அவ்வளவுதான். ஊரில் பாதி வீட்டுக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

பெயிண்டுக்கு வருவோம். எந்தப் பழுது யார் பொறுப்பு என்று இந்தச் சட்டத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. நான்கு வருடம் சமைத்தால் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறத்தான் செய்யும். காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை இருக்கத்தான் செய்யும். அது புழங்கிய தேய்மானம், சேதம் அல்ல. ஆனால் பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் உடைந்து தொங்குகிறது, ஏசிக்காகச் சுவரைக் குடைந்திருக்கிறீர்கள் என்றால், அதை நீங்கள்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள் என்றும் சொல்கிறேன். டைப்பிங் சென்டரில் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். அதில் ‘காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை’ என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். இருந்தால் அவர் அதைத்தான் நீட்டுவார். அப்போதும் ஒரு மாதம்தான், இரண்டு இல்லை. பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

அந்தப் பத்திரத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா? செய்திருக்க மாட்டீர்கள். ‘11 மாதத்துக்குத்தான் போட்டிருக்கிறோம், பதிவு தேவையில்லை’ என்பது பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்துப் பழகிப்போன கணக்கு. 2017 சட்டம் 11 மாதம், 12 மாதம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பதிவும் செய்யச் சொல்கிறது. பதிவுக்கு வீட்டுக்காரர்தான் போக வேண்டும் என்றும் இல்லை, நீங்களே விண்ணப்பித்திருக்கலாம்.

வாடகையை நிறுத்தாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்றாலே வெளியேற்றச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போக அவருக்கு வழி பிறந்துவிடும். உங்கள் பணம் 1,40,000 அவரிடம் இருக்கிறது என்பதற்காக, பாக்கி அங்கே தானாகக் கழிந்துவிடாது. அட்வான்ஸில் கழிக்க அவரே சம்மதித்தால் சரி; அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் வாடகையை வங்கி வழியாக அனுப்பிக்கொண்டே இருங்கள். காலி செய்யும் தேதியைப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். சாமான் ஏற்றும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், ஈபி மீட்டரையும் சேர்த்து. சாவி கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

மோட்டார் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர் அவர்; விசாரணை முடியும் முன்பே தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாத வாடகையைப் பாக்கி வைத்துக்கொண்டு மட்டும் அந்த மனுவோடு போய் நிற்காதீர்கள்.