பாதி உடன்படிக்கை

அன்புள்ள ஐயா,

இணையத்தில் கருத்துரிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு மனத்தாங்கல். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குடும்பத்தின் மதத்தைச் சொல்லி வாய் கூசும்படி எழுதுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் இப்போது கடைக்குப் போகவே தயங்குகிறார். மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடை செய்யச் சொல்லி ஐ.நா. உடன்படிக்கையிலேயே 20ஆவது பிரிவு இருக்கிறதாமே. அதை அப்படியே எடுத்து, ஜாமீன் கிடைக்காத சட்டமாகப் போட்டால் என்ன? கருத்துரிமை பேசுகிறவர்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?

ஆர்., திருப்பத்தூர்

*

அன்புள்ள ஆர்.,

கடைக்குப் போகத் தயங்குகிறார் என்ற வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. நீங்கள் சொல்வது சரிதான், அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுகிற இன, மத வெறுப்பைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்கிறது அதன் 20ஆவது பிரிவு.

ஆனால் நீங்கள் கேட்கும் சட்டத்தை இலங்கை ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டது. 2007இல் வந்த 56ஆம் இலக்கச் சட்டம் அது. உடன்படிக்கையின் பெயரே சட்டத்துக்கும் பெயர். அங்கே சுருக்கமாக ஐசிசிபிஆர் சட்டம் என்பார்கள். 20ஆவது பிரிவின் வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்து 3ஆவது பிரிவாக வைத்தார்கள். 10 ஆண்டு வரை கடூழியச் சிறை. பிணை வேண்டுமென்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை என்று காட்ட வேண்டும். உடன்படிக்கையில் கருத்துரிமையைச் சொல்லும் 19ஆவது பிரிவு மட்டும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கண்டிப் பக்கம் றம்ஸி ராசீக் என்று ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர், முகநூலில் சிங்களத்தில் எழுதுகிறவர். 2020 ஏப்ரலில், கொரோனாவைச் சாக்காக வைத்து முஸ்லிம்கள்மீது வெறுப்பு கொட்டிக்கொண்டிருந்த நேரம். பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு ஒரு கருத்தியல் ஜிகாத் செய்ய வேண்டும் என்று எழுதினார். வெறுப்புக்கு எதிராக எழுதுங்கள் என்பதுதான் பதிவின் சாரம். ஜிகாத் என்றால் பெருமுயற்சி, போராட்டம். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கொலை மிரட்டல் வந்தது. பாதுகாப்புக் கேட்டுப் போலீசில் முறையிட்டார். போலீஸ் வந்தது, அவரையே பிடித்துப்போனது. ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே. நோயாளி வேறு.

எனக்கு இதில் தாங்க முடியாதது ஒன்றுதான். உங்கள் தெருப் பெண்ணின் இடத்தில் இருந்தவர் அவர். அவரைக் காக்க வந்த சட்டம் என்று சொல்லப்பட்டதுதான் அவர் கையில் விலங்கு மாட்டியது.

அவர் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஹசலகாவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்தது. பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச் சக்கரம் என்று நினைத்துக் கைது செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சிறை. அதே ஆண்டு சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் அடைபட்டார்.

ராசீக்கின் வழக்கில் 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கைது அவருடைய உரிமையை மீறியது என்று சொல்லி, 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது இலங்கையின் உயர் நீதிமன்றம். (நம் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானதை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.) மூன்றரை ஆண்டு கழித்து.

20ஐ 19ஐ விட்டுப் பிரிக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கருத்துக்குக் கட்டுப்பாடு போடலாம் என்று 19ஆவது பிரிவே ஒப்புக்கொள்கிறது. கட்டுப்பாடு சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும், உடன்படிக்கை சொல்லும் காரணத்துக்காக இருக்க வேண்டும், அதைப் போடாமல் முடியாது என்ற தேவையும் இருக்க வேண்டும். 20இன் பெயரில் போடும் தடையும் இந்த மூன்றையும் தாண்டியாக வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் விளக்கம் எழுதிவைத்தது. மறு ஆண்டு மொராக்கோவின் ரபாத் நகரில் கூடிய வல்லுநர்கள், ஒருவரைக் குற்றவாளி ஆக்குமுன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகளை வகுத்தார்கள். எந்தச் சூழலில் சொன்னது, சொன்னவருக்கு என்ன செல்வாக்கு, நோக்கம் என்ன, சொன்ன சொல் என்ன, எத்தனை பேரை எட்டியது, தீங்கு விளைய எவ்வளவு வாய்ப்பு. பதிவை முழுசாகப் படித்து நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே ராசீக் அன்று வீட்டில் இருந்திருப்பார்.

சரி, உங்கள் தெருவுக்கு வருகிறேன். அதே ஆறு கேள்வியை அந்த வாட்ஸ்அப் குழுவிடம் கேளுங்கள். வாய் கூசும் பேச்சு எல்லாமே குற்றம் ஆகிவிடாது. ஆனால் ஊரில் பேச்சு எடுபடும் ஒருவர், அந்த வீட்டை அடையாளம் காட்டி, இவர்களுக்கு யாரும் சாமான் கொடுக்காதீர்கள் என்றோ வெள்ளிக்கிழமை வாசலில் கூடுவோம் என்றோ எழுதினால் அது வேறு. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ. மூன்று ஆண்டு வரை சிறை, அதுவும் ஜாமீனில் விட வேண்டிய குற்றம் அல்ல. தேதி, நேரம், எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டால் பிறகு கிடைப்பது கஷ்டம்.

அந்தப் பெண்ணிடம் கேட்காமல் புகார் கொடுக்க வேண்டாம். அவர் சம்மதித்தால் ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.