ஃபார்வர்டு மெசேஜால் அப்பாவின் தூக்கம் போச்சு... என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. அம்மா போன பிறகு அவருக்குப் போன்தான் கதி. விடிகாலை கண் விழித்ததும் வாட்ஸ்அப். பெரியப்பாவும் நண்பர்களும் அனுப்பும் ஃபார்வர்டுகளைப் பார்த்துப் பயந்து ராத்திரி தூங்குவதில்லை. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று அதைக் கொட்டச் சொல்கிறார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஒரு ஆடியோ வந்ததிலிருந்து பேரனைத் தெருவில் விளையாட விடுவதில்லை. பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையையே நிறுத்திவிட்டார். எனக்கு இப்போதுதான் தெரிந்தது. எல்லாம் பொய் என்று காட்டும் லிங்க்குகளைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இப்போது எனக்கும் போனைத் தொட்டாலே படபடப்பு. குரூப்பை விட்டே வெளியேறிவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடியுங்கள். இன்றைக்கே பி.பி. பார்த்து, வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லிவிடுங்கள். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும். விட்டதற்கு ஈடாகச் சேர்த்துப் போடவும் கூடாது. கிட்னி சந்தேகத்தை நீங்கள் தீர்க்கப் பார்க்காதீர்கள், அப்பாவே டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். அவர் பயத்தில் ஒரு துளி நியாயம் உண்டு: சில பி.பி. மாத்திரைகளை ஆரம்பிக்கும்போது டாக்டர்களே ரத்தத்தில் கிரியேட்டினின் அளவை, அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவை, பார்க்கச் சொல்வார்கள். ஆனால் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்த மாதிரி வீடியோக்கள் இந்தத் துளி உண்மையை வைத்துக்கொண்டு மீதியைத் தலைகீழாகப் புரட்டிவிடுகின்றன.

அடுத்து, அந்த லிங்க். நீங்கள் சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம்தான் தப்பு. சித்தப்பா, அத்தை, சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்க, மகள் திருத்தினால் எந்த அப்பாவுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அந்தக் கணத்தில் அவருக்கு அரிசியும் முக்கியமில்லை, ஆடியோவும் முக்கியமில்லை. மானம்தான் முன்னே நிற்கும். போய் உட்கார்ந்து, “குரூப்ல போட்டிருக்கக் கூடாதுப்பா, உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யைப் பொய் என்று சொன்னதற்கு மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை.

படித்தவர், விவரமானவர், அவர் எப்படி இதை நம்புகிறார் என்று கேட்பீர்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுவது உண்மை போலத் தோன்றும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அப்பாவின் போனில் நடப்பதைப் பாருங்கள்: அதே அரிசி வீடியோ பெரியப்பாவிடமிருந்து வரும், வாக்கிங் நண்பர்கள் குரூப்பில் வரும், பழைய ஆபீஸ் குரூப்பிலும் வரும். ஒரே வீடியோ மூன்று வாசல் வழியாக வந்திருக்கிறது. அவருக்கோ மூன்று பேர் சாட்சி சொன்ன மாதிரி. அனுப்பியவர்கள் எல்லாருமே அவர் மதிக்கிற மனிதர்கள்.

அரிசியிலிருந்தே தொடங்கலாம். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான். ஒரு தட்டில் ரேஷன் அரிசியைப் பரப்பி அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நிறத்திலும் வழவழப்பிலும் மற்றதோடு ஒட்டாத சில மணிகள் இருக்கும். களையும்போது சில மிதக்கும். “அப்பா பார்த்தது நிஜம்தான்” என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவிலேயே பிழிந்து எடுப்பார்கள். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். ரத்தசோகையைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தது. மாவில் செய்த மணி என்பதால் தோற்றம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். வித்தியாசமான மணிகளை மட்டும் பொறுக்கித் தனியாக வேகவைத்து, அப்பாவையே விரலால் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாவாகும். சோற்றை உருட்டித் தரையில் அடித்தால் எகிறுகிறதே என்பார். அது ஸ்டார்ச்சின் வேலை, வீட்டில் வாங்கும் பொன்னி அரிசிச் சோற்றை உருட்டினாலும் எகிறும். இதையெல்லாம் ரேஷன் கடை வாசலில் ஒரு போர்டு வைத்து முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வீடியோவுக்கு வேலையே இருந்திருக்காது என்பது என் ஆதங்கம்.

பிள்ளை பிடிக்கும் கதை இப்படிச் சிரித்துக் கடக்கக்கூடியது இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்தோடு கோயிலுக்கு வந்த முதிய பெண்மணி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரி என்று நினைத்து அவரை அடித்தே கொன்றார்கள். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திரும்ப இறக்கிவிட்டு, விழிப்புணர்வு வாசகம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டும் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள். இதை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு அவருக்கு வந்த ஆடியோவைச் சேர்ந்து கேளுங்கள். எந்த ஊர்? எந்த போலீஸ் ஸ்டேஷன்? என்றைக்கு? பெரும்பாலும் “நம்ம ஏரியாவுல”, “இன்னிக்கு நைட்டு”, “என் சொந்தக்காரர் போலீஸ்ல இருக்கார்”, இவ்வளவுதான் இருக்கும். “இன்னிக்கு” என்று சொல்லும் ஆடியோ எத்தனை வருஷமானாலும் பழசாகாது! கேள்வியை நீங்கள் கேட்காமல் அவரே கேட்கும்படி விட்டுவிடுங்கள். பதில் இல்லை என்று அவரே கண்டுபிடிப்பது வேறு விஷயம். வீடியோ என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடக் கற்றுக்கொடுங்கள். தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. பேரன் தெருவில் விளையாடும்போது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய அக்கறைக்கும் ஒரு வேலை வேண்டும்.

போனில் சில மாற்றங்கள் செய்யலாம், அவர் சம்மதத்தோடு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். பிரைவசி பகுதியில், தெரியாதவர்கள் அவரைக் குரூப்பில் சேர்க்க முடியாதபடி மாற்றுங்கள். மெசேஜின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அம்புக்குறி இருப்பதாலேயே பொய் என்றில்லை, அனுப்பியவர் நேரில் பார்த்து எழுதியதில்லை என்பது மட்டும் நிச்சயம். போனை இரவு ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். காலை காபிக்குப் பிறகு எடுத்தால் போதும். அந்த நேரத்துக்கு ரேடியோவோ பேப்பரோ பக்கத்தில் இருக்கட்டும். வெறுமனே பிடுங்கினால், அம்மா இல்லாத விடிகாலை அவருக்கு இன்னும் நீளும். அவரைப் போனோடு கட்டிப்போட்டதில் அந்தத் தனிமைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் படபடப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வில், தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளையே பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. அது உண்மைச் செய்தி, அதற்கே அப்படி. அப்பாவுக்கு வரும் ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து, பணம், அடுத்தவர் உயிர் ஆகியவற்றைத் தொடும் மெசேஜ்களை மட்டும் பாருங்கள். வெந்நீர் குடித்தால் வயது குறையும் என்று வந்தால் விட்டுவிடலாம். அப்பாவுக்கோ உங்களுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், சாப்பாடு பிடிக்காமல் போனால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச மனநலச் சேவை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம். வெளியேறினால் அதுவே பத்து நாள் பேச்சாகும். மியூட் செய்து ஆர்கைவில் போட்டுவிட்டு, தினமும் ஒரு முறை நீங்கள் தீர்மானித்த நேரத்தில் பாருங்கள். பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு போன் போட்டு, “அப்பா ராத்திரி தூங்கறதில்ல பெரியப்பா, மாத்திரையையும் நிறுத்திட்டார். மருந்து பத்தி ஏதாவது வந்தா முதல்ல எனக்கு அனுப்புங்க, அவருக்கு நான் சொல்லிக்கறேன்” என்று கேளுங்கள். வீடியோ பொய் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். தம்பியின் உடம்பு என்றால் அவர் தட்டமாட்டார்.