ரிபனில் இருக்கும் அந்தச் சின்னப் பூ: ஒரே பதக்கம் இரண்டாம் தடவையா?

உங்கள் அப்பப்பா திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்த காலத்துப் படம், பக்கத்தில் நிற்கும் பிரிட்டிஷ் நேவி அதிகாரியின் நெஞ்சில் வரிசையாக ரிபன்கள், அதில் ஒன்றில் மட்டும் நடுவில் பூ மாதிரி ஏதோ குத்தியிருக்கிறது, ஒரே பதக்கம் இரண்டு தடவை கிடைத்தால் இப்படித்தான் காட்டுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எந்த ரிபனில் அந்தப் பூ இருக்கிறது என்று பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

பிரிட்டிஷ் முறையில் ஒரே வீரப் பதக்கத்துக்கு ஒருவர் மறுபடி தகுதி பெற்றால் இன்னொரு பதக்கம் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பதக்கத்தின் நாடாவில் குறுக்காக ஒரு சின்ன உலோகப் பட்டை சேர்ப்பார்கள், அதற்குப் பெயர் பார். அன்றாடச் சீருடையில் பதக்கத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிய முடியாது, ரிபன் துண்டு மட்டும்தான் இருக்கும், அதனால் அங்கே ஒவ்வொரு பாருக்கும் பதிலாக ஒரு வெள்ளி ரோசெட் வைப்பார்கள். நீங்கள் பார்த்த பூ அதுவாக இருக்கலாம்.

இங்கேதான் நிறையப் பேர் தவறாக எண்ணுகிறார்கள். ரோசெட் காட்டுவது முதல் பதக்கத்துக்குப் பிறகு வந்தவற்றை மட்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடிய கேப்டன் எஃப். ஜே. வாக்கரை டி.எஸ்.ஓ. (அதிகாரிகளுக்கான ஒரு வீர விருது), மூன்று பார் என்று எழுதுவார்கள். ரிபனில் மூன்று ரோசெட், ஆனால் அவருக்கு அந்த விருது கிடைத்தது நான்கு தடவை. அந்த ஒன்றைக் கூட்டாமல் விட்டால் ஒரு மனிதன் உயிரைக் கொடுக்கத் துணிந்து நின்ற ஒரு நாள் கணக்கிலேயே வராமல் போகிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் இதற்கு விதிவிலக்கு. அதன் ரிபனில் முதல் தடவைக்கே ஒரு குட்டிச் சிலுவை உண்டு, பார் கிடைத்தால் இரண்டு சிலுவை, அதாவது கண்ணுக்குத் தெரிவதே கணக்கு. அப்படி இரண்டு பெற்றவர்கள் இதுவரை மூன்றே பேர்: ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் சவாஸ், நியூசிலாந்துக்காரரான சார்ல்ஸ் அப்ஹாம். முதல் இருவரும் டாக்டர்கள், காயம்பட்டவர்களைக் குண்டுமழைக்குள் போய்த் தூக்கிவந்ததற்காகக் கிடைத்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனதைத் தொடும் விஷயம். சவாஸ் 1917 ஆகஸ்டில் இறந்துபோனார், பெல்ஜியத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லில் இரண்டு சிலுவைகள் பொறித்திருக்கிறார்கள். மற்ற விருதுகள் என்றால் கல்லில் பெயருக்குப் பின்னால் எழுத்துகளாக வரும். நம்மூரில் நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிற யுத்த மயானத்துக்குப் போகிறவர்கள் பெயரோடு நிறுத்திவிடாமல் அதற்குப் பின்னால் எழுத்துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நிறம் தெரியாது, ஆனால் இடம் சொல்லும். வீர விருதுகள்தான் வரிசையில் முதலில் வரும், அதாவது நீங்கள் பார்க்கும்போது இடது ஓரம். அந்த ஓரத்து ரிபன் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று சமமான பட்டைகளாகத் தெரிந்து, நடுப் பட்டையில் பூ இருந்தால் அது நேவி அதிகாரிகளுக்குக் கொடுத்த டி.எஸ்.சி. என்ற வீர விருது, அதை இரண்டு தடவை பெற்றிருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம் (உண்மையான நிறம் கருநீலமும் வெள்ளையும்). பூ அதற்கு வலது பக்கம் தள்ளி, போர் ஸ்டார்களின் (ஒரு போர்முனையில் பணியாற்றியதற்கான பதக்கங்கள்) ரிபனில் இருந்தால் கதையே வேறு. பர்மா ஸ்டாருக்கும் பசிபிக் ஸ்டாருக்கும் இரண்டுக்கும் தகுதி பெற்ற ஒருவர் ஒரு ஸ்டாரைத்தான் அணியலாம், மற்றதின் பெயர் பொறித்த பட்டையை அதில் சேர்ப்பார்கள், ரிபனில் அதுவும் ரோசெட்டாகத்தான் வரும். அங்கே அந்தப் பூவுக்கு அர்த்தம் இன்னொரு போர்முனை, இரண்டாம் தடவை என்பது இல்லை. வங்காள விரிகுடாவில் ஓடிய கப்பல்களில் இருந்தவர்களுக்கு பர்மா ஸ்டார் கிடைத்தது, ஆகவே திருமலையில் எடுத்த படத்தில் இதற்கும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டாரை அறிவித்ததே 1945 மே மாதத்தில்தான், படம் அதற்கு முந்தியது என்றால் இதை விட்டுவிடலாம்.

பூ இல்லை, ஒற்றை இலை மாதிரி இருக்கிறது என்றால் அது போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதற்கான வெண்கல ஓக் இலை. எத்தனை தடவை பெயர் வந்திருந்தாலும் அந்தப் போருக்கு ஒரே இலைதான், அதை வைத்து எண்ண முடியாது.

இந்த இலையை அமெரிக்க இலையோடு போட்டுக் குழப்பாதீர்கள். அமெரிக்க ராணுவமும் விமானப்படையும் வைப்பது நான்கு ஓக் இலையும் மூன்று காயும் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து, அது கூடுதலாக வந்த ஒவ்வொரு விருதுக்கும் ஒன்று. ஐந்து வெண்கலக் கொத்து சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஒரு வெள்ளிக் கொத்து. வெள்ளி ஒன்று, வெண்கலம் ஒன்று என்று ஒரு ரிபனில் கண்டால் ஆறு, அதோடு முதலாவதையும் சேர்த்து ஏழு. அவர்களுடைய நேவியும் மரீன் படையும் கொத்துக்குப் பதிலாகத் தங்க நட்சத்திரம் வைக்கின்றன, அதிலும் ஐந்துக்கு ஒரு வெள்ளி. அதே சமயம் அவர்களின் ஆசிய பசிபிக் போர்ப் பதக்க ரிபனில் வரும் வெண்கல நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு போர் நடவடிக்கை, முதலாவதும் அதில் அடக்கம், அங்கே ஒன்றைக் கூட்டினால் பிழை.

இந்தியாவிலும் பார் முறைதான் தொடர்கிறது. பின்னாளில் ராணுவத் தளபதியான ஏ. எஸ். வைத்யா 1965இல் மகாவீர் சக்ரா என்ற வீர விருதை வாங்கினார், 1971 போருக்கு அதற்கு ஒரு பார்.

முடிந்தால் அந்தப் படத்தின் நெஞ்சுப் பகுதியை மட்டும் நல்ல வெளிச்சத்தில் கிட்ட வைத்து எடுத்துப் போடுங்கள், முழு வரிசையும் வெட்டுப்படாமல் வரட்டும். கைப்பட்டியில் இருக்கும் தங்கக் கோடுகள் தெரிந்தால் அதையும் சேருங்கள், பதவியும் தெரிந்துவிட்டால் ஆளைத் தேடுவது இன்னும் சுலபம்.