ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபேன் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: பள்ளத்தூரில் அப்பச்சி பத்து வருடம் ஓட்டிய பெட்ரோல் கார் எங்களிடம் இருக்கிறது. நான் சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போது மட்டும் அதை எடுப்பேன். போன மாதம் மதுரைக்குப் போய் வந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டியில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஏசியும் குளிரவில்லை. காரைக்குடி மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ‘ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை, முழு செட்டையும் மாற்றணும், ஒன்பதாயிரம் ஆகும்’ என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஃபேன் சுற்றவில்லை என்பது வரை மெக்கானிக் சொன்னது சரிதான். உங்கள் கடிதமே அதைச் சொல்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊர்ந்து போகும்போதுதான் ஃபேன் வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், காற்று இழுக்க ஆளில்லை என்றால் அதுவும் குளிராது. மதுரை ரோட்டில் போகும்போதே முள் ஏறியிருந்தால் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு என்று வேறு பக்கம் போயிருப்பேன்.

ஆனால் ஏன் சுற்றவில்லை என்று அவர் பார்த்தாரா? ஃபேனுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்) வழியாக மோட்டாருக்குப் போய், எர்த் வழியாக, அதாவது கார் பாடி வழியாக, பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிறது. எப்போது ரிலேயைப் போட வேண்டும் என்பதைச் சென்சார் சொல்லும் சூட்டை வைத்து காரின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இதில் எது அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஃபேன் நிற்கிறது. இத்தனையில் விலை அதிகமான பொருள் மோட்டார். மற்றவற்றைப் பார்க்காமலேயே முதலில் அதை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்திருந்தால் சென்சாரின் முனை தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், சூடு ஏறியது அதற்குத் தெரியாமலே போகலாம்.

அளவு சரியாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் ஓட வேண்டும். ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நல்லது, சந்தேகம் சென்சார் மேல். பல கார்களில் இந்தச் சென்சார் 20 டிகிரியில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் காட்டும். 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கும். வெந்நீர்ச் சொம்பில் போட்டு மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம்.

உங்கள் காரில் ஏசிக்கும் ஓடவில்லை போலிருக்கிறது. அப்படியென்றால் பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டிக்குப் போங்கள். மூடியின் உட்புறத்திலேயே படம் இருக்கும். ஃபேன் ஃப்யூஸ் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். அது நன்றாக இருந்தால் ரிலேயைப் பிடுங்கி, அதே எண் போட்ட வேறொரு ரிலேயோடு, உதாரணமாக ஹாரன் ரிலேயோடு, இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடி ஹாரன் ஊமையானால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

அடுத்தது மோட்டாரை நேரடியாகச் சோதிப்பது. மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். கப்ளரைக் கழற்றி, இரண்டு வயர் மட்டும் உள்ள மோட்டாராக இருந்தால், பேட்டரியிலிருந்து தடித்த வயரில் ஃப்யூஸ் போட்டு நேரே கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு வயர் உள்ள புதுவகை ஃபேனில் இதைச் செய்யக் கூடாது, உள்ளே கன்ட்ரோல் மாட்யூல் இருக்கும். நேரே கொடுத்து விர்ரென்று சுற்றினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, ஒன்பதாயிரம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். சுற்றவில்லை, அல்லது ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் மோட்டாரில்தான் கோளாறு, பெரும்பாலும் உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அப்போது மெக்கானிக் சொன்னது சரி, தாராளமாக மாற்றுங்கள்.

மோட்டார் நல்லது, ஃப்யூஸ் நல்லது, ரிலேயும் நல்லது என்றால் மிச்சம் வயரும் எர்த்தும். உங்கள் காரில் என் சந்தேகம் இங்கேதான். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மனிதர்கள் இல்லாத மாதங்களில் எலிகள்தான் குடித்தனம். முகப்பு, வளவு, பின்கட்டு, பானெட்டுக்குள் என்று அவற்றுக்குப் பேதமே கிடையாது. டார்ச் அடித்து வயர் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். தோல் போய்ச் செம்பு பளபளக்கும் இடம் கிடைக்கலாம்.

எர்த் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். என் பழைய காரில் ஒரு பட்டறையில் புது ஃபேன் மாட்டிக் காசும் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் மறுபடியும் முள் ஏறியது. கடைசியில் பார்த்தால் எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் ஃபேன் காற்று சட்டையை இழுத்தது. டெஸ்ட் லேம்ப் அங்கே நன்றாகத்தான் எரிந்தது. அதுதான் இதில் சூட்சுமம். சின்ன பல்புக்குத் துளி கரண்ட் போதும், களிம்பைத் தாண்டி வந்துவிடும். ஃபேன் பத்து, பதினைந்து ஆம்பியர் கேட்கும், அது வராது. எனவே ஃபேனுக்குக் கரண்ட் போகும் நேரத்தில், மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். ஒன்று, இரண்டு என்று ஏறினால் கோளாறு அங்கேதான்.

இத்தனையும் செய்யும்போது விரலையும் வேட்டி நுனியையும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

கேள்வி: எனக்கும் ஃபேன் பிரச்சினைதான். ஃப்யூஸ் மூன்று முறை போய்விட்டது. எலக்ட்ரீசியன் ‘இனிமே போகாது’ என்று ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது ஓடுகிறது. பயப்பட வேண்டுமா? – தேவகோட்டை

பதில்: வேண்டும். இன்றைக்கே கழற்றுங்கள். ஃப்யூஸ் மூன்று முறை போனது ஃப்யூஸின் குற்றமில்லை. எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது, அல்லது மோட்டார் இறுகி அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரத்தாலோ இறுகினாலோ, உங்களுக்குத்தான் உண்மையிலேயே ஃபேன் மோட்டார் மாற்ற வேண்டும். கம்பி இருக்கும்வரை அடுத்து எரியப்போவது வயரிங். கூடுதல் ஆம்பியர் ஃப்யூஸ் போடுவதும் இதே தப்புதான்.

கேள்வி: பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தனி சுவிட்ச். ‘ஃபேனுக்கு டைரக்ட் போட்டிருக்கு சார், ரொம்ப வசதி’ என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? – கோட்டையூர்

பதில்: யாருக்கு வசதி? ரிலேயோ சென்சாரோ வயரோ போய், கண்டுபிடிக்கப் பொறுமையில்லாமல் யாரோ சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதைப் போட மறந்த ஒரு நாளில், இன்ஜினுக்குள் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கவும் கூடும், ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பிசின் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், சுவிட்சை அணைத்து வைத்து, ஏசி போடாமல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். பல கார்களில் 95 டிகிரியைத் தாண்டியதும் ஃபேன் தானாக வந்து, சூடு இறங்கியதும் நிற்கும். இரண்டு சுற்று வந்து நிற்கும் வரை காத்திருங்கள். முள் பாதியைத் தாண்டி மேலே போனால் உடனே நிறுத்திவிடுங்கள். தானாக வரவில்லை என்றால் பழுது பார்க்கும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், காரைக்குடியில் காருக்கா பஞ்சம்?

கேள்வி: புது ஃபேன் போட்டும் வண்டி சூடாகிறது. பட்டறையில் ‘எலக்ட்ரிக் சாமானுக்கு வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? – புதுவயல்

பதில்: உண்டு. தவறாகக் கண்டுபிடித்து, தேவையில்லாத பொருளை மாட்டியது சேவைக் குறைபாடு. ஆனால் நீங்கள் அதை நிரூபிக்க வேண்டும். முதலில் வேறு ஒரு எலக்ட்ரீசியனிடம் காட்டி, உண்மையான பழுது எதுவென்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஃபேனைக் கேளுங்கள். அது உங்கள் சொத்து. பேட்டரியில் நேரே கொடுத்து அது சுற்றினால், அந்த வீடியோவைவிட நல்ல சாட்சி கிடையாது. துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய ஜிபே பதிவையும் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல வழக்குகள் அந்த அளவிலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பட்டறை திருச்சியில் இருந்தாலும் சரி.

அதற்கு முன் பட்டறைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அரைப் பக்கம் போதும்: என்ன தேதி, எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன கேட்கிறீர்கள், 15 நாள் அவகாசம். தபால் ரசீதைப் பழைய ஃபேனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.